பெரட்டுக் களத்தில் திரிந்த ரத்தம்

அன்று காலை ஆறேகால் மணிக்குப் பெரட்டுக் களத்தில், தோட்டத்து ஆட்களுக்கு வேலைக்குப் பேர் போடும் இடத்தில், என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் நின்றோம். பெரிய கங்காணி. ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தோடு கணக்கப்பிள்ளை. பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்த பெண்ணின் புருஷன். ரத்தம் கொடுக்கச் சம்மதித்த ஏழு பேர்: தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அண்ணன் தம்பி இருவர், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவர், லொறிக் கிளீனர் ஒருவர், கொழுந்து பறிக்கிற பெண்கள் மூன்று பேர். பதினோராவது ஆள் நான். மற்ற எல்லாரையும் கங்காணி பேர் போட்டு மலைக்கு அனுப்பியிருந்தார்.

இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பதினொரு பேரையும் பிற்பாடு எத்தனையோ தடவை மனசில் வரிசையாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். யார் எங்கே நின்றார்கள், யாருடைய ரத்தம் வைத்த தகடு எது, எந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும் என்று.

ஐம்பதுகளின் நடுவில் பதுளையில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியின் லேப் அறையில் நான் வேலை செய்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. வேலை என்றால், குழாய் கழுவுவது, கண்ணாடித் தகடுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது, மூத்திரப் போத்தல்களில் பேர் எழுதி ஒட்டுவது. ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அதற்கு மேல் யார் கொடுப்பார்கள்? ஆனால் அங்கே இருந்த டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், ஆள் போதாத குறைக்கு எனக்கு ரத்த வகை பார்க்கப் பழக்கியிருந்தார். அதற்குப் படிப்பைவிடக் கண்தான் வேண்டும் என்பார்.

செய்யும் விதம் லேசானது. இரண்டு சிறிய குப்பிகளில் சீரம் வரும். சீரம் என்பது வேறு மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிந்த நீர். ஒன்றுக்கொன்று மாறிப்போகாமல் இருக்க ஒன்றில் நீலச் சாயமும் மற்றதில் மஞ்சள் சாயமும் கலந்திருப்பார்கள். தகட்டின் ஒரு பக்கம் நீலத்தில் ஒரு சொட்டு, மறுபக்கம் மஞ்சளில் ஒரு சொட்டு. விரலைக் குத்தி எடுத்த ரத்தத்தை இரண்டிலும் தொட்டுக் குச்சியால் கலக்கி, தகட்டை மெதுவாக ஆட்ட வேண்டும். ரத்த அணுவின் மேல் ஏ என்கிற குறி இருந்தால் நீலத்தில் உள்ளது அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடித்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிவிடும். மஞ்சளில் திரிந்தால் பி. இரண்டிலும் திரிந்தால் ஏபி. இரண்டுமே மழமழவென்று இருந்தால் ஓ. குறியைக் கண்ணால் பார்க்க முடியாது. பிடிப்பதை வைத்துத்தான் குறி இருக்கிறதென்று சொல்கிறோம். இப்போது என் மகளின் பாடப் புத்தகத்தில் அந்தப் பிடிக்கிற பொருளுக்குப் பிறபொருளெதிரி என்று போட்டிருக்கிறது. எனக்கு அன்றைக்கு அது சீரம், அவ்வளவுதான்.

முதல் நாள் மத்தியானம் அப்புத்தளைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எட்டு மாதம். நஞ்சுக்கொடி கருப்பை வாசலை மறைத்துக்கொண்டு கீழே கிடந்தது. தோட்டத்திலேயே நிறைய ரத்தம் போய்விட்டது, பதுளைக்கு வந்த பிறகு நின்றிருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றைத் திறந்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். திறக்கும்போது குறைந்தது இரண்டு போத்தல் ரத்தம் பக்கத்தில் இருக்க வேண்டும். திறக்காமல் விட்டால் அடுத்த தடவை ரத்தம் போகும்போது தாயும் போய்விடுவாள். அவளுக்கு ஓ வகை. ஓவுக்கு ஓ மட்டுமே ஏறும். புருஷனின் விரலைக் குத்திப் பார்த்தோம், அவர் ஏ.

தோட்டத்து மேனேஜரான துரை கூட்டமாக ஆட்களை நாள் முழுக்கப் பதுளைக்கு அனுப்பமாட்டார். பொருந்துகிற இரண்டு பேரை மட்டும் விடுவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். எனவே தோட்டத்துக்கே போய்ப் பார்த்து, ஆளைப் பொறுக்கிக் கூட்டிவர வேண்டும். எல்லாரையும் ஒரே இடத்தில் பிடிக்கக்கூடிய நேரம் காலைப் பெரட்டு ஒன்றுதான்.

"பிள்ளை, நீர்தான் போக வேணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ரெண்டு பேரோட வந்து நில்லும்" என்றார் டாக்டர். குப்பிகளை ஐஸ் போட்ட தெர்மோஸ் குடுவையில் வைத்து மூடினார். "சீரம் சூடாகப்படாது. சூடானால் பழுதாப் போயிரும். கவனம்."

எனக்கு ஒரு விஷயத்தைக் கவனம் என்று சொல்லிவிட்டால் போதும். பின்னேர ரயிலில் அந்தப் புருஷனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். அப்புத்தளை போய்ச் சேருவதற்குள் குடுவையைப் பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன். என் சின்னம்மா அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், இருந்ததால் அங்கே தங்கினேன். அடுப்புச் சூடு படக்கூடாதென்று குடுவையை வெளிவாசலில், ஈரச் சாக்கு சுற்றி வைத்தேன்.

தை மாதம். காலையில் பெரட்டுக் களத்தில் மூடுபனி ஆளை மறைத்தது. பத்தடிக்கு அப்பால் நிற்பவர் கம்பளியா மனிதரா என்று தெரியாது. கங்காணி விஷயத்தைச் சொன்னதும் முதலில் முப்பது பேர் முன்னால் வந்தார்கள். நான் பேர் எழுத நோட்டுப் புத்தகத்தை எடுத்ததும் கிட்டத்தட்ட எல்லாரும் பின்னால் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் யாராவது பேர் எழுதுகிறார்கள் என்றாலே பிரஜாவுரிமை விஷயம், இந்தியாவுக்கு அனுப்பப் பட்டியல் போடுகிறார்கள் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள்.

"ஏங்க நர்சம்மா" என்றாள் கொழுந்துப் பெண்களில் ஒருத்தி. நாற்பது வயதிருக்கும், நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்தாள். "ரத்தத்தப் பாத்தா நாங்க இந்தியாவா இலங்கையான்னு தெரிஞ்சிருமா?"

"அதெல்லாம் தெரியாதுங்க. நான் நர்சும் இல்லீங்க" என்றேன்.

"தெரிஞ்சா எனக்கும் சொல்லிட்டுப் போங்க. கவர்மெண்டுக் கச்சேரியில கேட்டா அவுங்களுக்கே தெரியலயாம்."

கணக்கப்பிள்ளைகூடச் சிரித்தார். சிரித்ததில் பயம் விட்டு ஏழு பேர் திரும்ப முன்னால் வந்தார்கள். அவளும் அதில் ஒருத்தி.

கணக்கப்பிள்ளையின் பலகை மேசையில் தகடுகளை அடுக்கினேன். மேசை பனியில் நனைந்திருந்தது. சீரம் சூடாகக்கூடாது என்பதிலேயே என் நினைவெல்லாம் இருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் குப்பியை ஐஸிலிருந்து எடுத்து, ஒரு சொட்டு விட்டு, உடனே திரும்ப ஐஸுக்குள் வைத்தேன். முதலில் கவ்வாத்துக்காரர்களில் மூத்தவர். நீலமும் திரிந்தது, மஞ்சளும் திரிந்தது. ஏபி. அடுத்து அவருடைய தம்பி. அவரும் ஏபி. அண்ணன் தம்பிதானே என்று நினைத்தேன். ஸ்டோர்க்காரர் ஏபி. கிளீனர் ஏபி. மூன்று பெண்களும் ஏபி. ஏபி வகை அபூர்வமானது என்று டாக்டர் சொல்லித் தந்தது எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஒரே தோட்டத்தில், ஒரே ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்கள், அதனால் இப்படி இருக்குமோ என்று நானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டேன். ஏழு பேருக்கும் நோட்டில் எழுதினேன்.

"எப்படித் தங்கச்சி?" என்றார் கங்காணி.

"ஒருத்தருக்கும் பொருந்தலீங்க."

"ஏழு பேர்ல ஒரு ஆள்கூடவா?"

"இல்லீங்க."

"அப்பப் போங்கப்பா மலைக்கு. பேர் போட்டாச்சு, சும்மா நின்னுக்கிட்டு."

அவர்கள் போனார்கள். அந்தப் புருஷன் மட்டும் போகவில்லை. மேசைக் காலடியில் குந்தி உட்கார்ந்தார். அழவில்லை. வலது கையை மேலே நீட்டினார்.

"எனக்குப் பாருங்கம்மா."

"உங்களுக்கு நேத்தே பாத்தாச்சு அண்ணே. நீங்க ஏ. அவுங்களுக்கு ஏறாது."

"நேத்து பாத்தது நேத்து. ஒருக்காப் பாருங்க. என் பொஞ்சாதிக்கு என் ரத்தம் சேராதுன்னா எப்படி?"

வேறு யாராவது என்றால் குப்பியில் சீரம் மிஞ்ச வேண்டுமே என்று மறுத்திருப்பேன். அவருக்கு மறுக்க வாய் வரவில்லை. குத்தினேன். கலக்கினேன். நீலம் திரிந்தது, சரிதான். மஞ்சளும் திரிந்தது.

நேற்று நான்தான் பார்த்தேன், டாக்டரும் பார்த்தார். மஞ்சள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. மனிதனுடைய வகை ஒரே ராத்திரியில் மாறாது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி என் விரலைக் குத்தினேன். நான் பி என்று எனக்குத் தெரியும். டாக்டர் புதிதாக ஒரு குப்பி வந்தால் என் ரத்தத்தில்தான் சோதித்துப் பார்ப்பார். என்னுடையதும் இரண்டு பக்கமும் திரிந்தது.

சீரத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. வேலை போய்விடும் என்பது அடுத்துத் தோன்றியது. அந்தப் பெண்ணின் நினைவு மூன்றாவதாகத்தான் வந்தது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. தகட்டைக் கங்காணி பார்த்துவிடக்கூடாதென்று உள்ளங்கையில் வைத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"என்னம்மா, சேருதா?" என்றார் புருஷன்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காத சமயத்தில் முந்தானையை விலக்கிப் பார்த்தேன். மஞ்சள் பக்கத்தில் கட்டிகள் அப்படியே இருந்தன. நீலப் பக்கத்தில் ஒரு கட்டியும் இல்லை. மழமழவென்று ஓடியது. அது பி. அது நான்.

புருஷனுடைய தகட்டை எடுத்து இரண்டு கைக்கும் நடுவில் வைத்துப் பொத்தினேன். நூறு எண்ணினேன். திறந்தபோது நீலம் திரிந்திருந்தது, மஞ்சள் கரைந்திருந்தது. நேற்றைய மாதிரியே ஏ.

பதுளை லேப் அறையில் ஒரு மரப்பெட்டிக்குள் மின்சார பல்பு எரியும். அதன் மேலே கண்ணாடி. டாக்டர் எப்போதும் தகட்டை அதன் மேல் வைத்துத்தான் ஆட்டுவார். வெளிச்சத்துக்காக என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். பல்பின் சூட்டுக்கும் அதில் வேலை உண்டு என்பது அந்த மேசையோரம் நின்றபோதுதான் புரிந்தது. ஐஸில் வைத்த சீரமும் பனியில் நனைந்த தகடும் சேர்ந்தால், குறி இருக்கிறதோ இல்லையோ, எல்லா ரத்தமும் ஒட்டிக்கொள்கிறது. சீரத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நான் காட்டிய கவனம்தான் ஏழு பேரையும் ஒரே வகையாக்கிவிட்டது.

"கங்காணிங்க, அந்த ஏழு பேரையும் திரும்பக் கூப்பிடணுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நான் பாத்தது பிழைங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆஸ்பத்திரியில ஆளே இல்லன்னு உன்னைய அனுப்பிச்சாங்களா? மலைக்குப் போனவங்கள எப்படிக் கூப்பிடறது? தப்படிக்கச் சொல்லவா?"

"ஐயோ, தப்பு வேணாங்க" என்று புருஷன் எழுந்துவிட்டார். பெரட்டுக்கு ஆளைக் கூப்பிட ஒரு தடவை தப்புப் பறை அடித்த பிறகு அதே காலையில் இன்னொரு தடவை அடித்தால், தோட்டத்தில் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். "அவ உசுரோட கெடக்கா. தப்பு மட்டும் வேணாங்க. நான் ஓடிப் போயி கூட்டியாறேன்."

கூட்டிவருவதற்குப் பதில் நாங்களே மலைக்குப் போனோம். துடைத்த தகடுகளை ஒரு துணியில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டு குப்பிகளையும் இடது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சூடாகக்கூடாது என்ற சீரத்தை உடம்புச் சூட்டில் கொண்டுபோகிறோமே, இதில் உண்மையாகவே கெட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடுதான் ஏறினேன். ஏற்றத்தில் அந்தப் புருஷன் முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி போனார்.

கொழுந்து நிறையில், செடி வரிசைகளுக்கு நடுவில், முதலில் அகப்பட்டவள் அந்த வாயாடிப் பெண்தான்.

"என்னங்க நர்சம்மா, ஊசிய எங்கிட்ட விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"இன்னொருக்காக் குத்தணும் அக்கா. காலைல பாத்தது சரியில்ல."

"காலைல வேணாம்னு தள்ளின ரத்தம், ஒம்பது மணிக்குள்ள நல்ல ரத்தமாயிருச்சா?" பக்கத்து நிறைக்காரிகளுக்குக் கேட்கும்படி சொன்னாள். "இந்தக் கொழுந்தும் அப்படி ஆச்சுன்னா நல்லாத்தான் இருக்கும். கணக்கப்பிள்ளை நல்லதில்லன்னு கழிச்சதெல்லாம் மறுநாள் சேத்துக்கலாம்."

ஆனால் விரலை நீட்டிவிட்டாள். தேயிலைச் செடிக்கு மேல் துணியை விரித்து, அதில் வைத்துக் கலக்கி, உடனே தகட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். நூறு எண்ணினேன். நீலம் மழமழ. மஞ்சள் மழமழ. இன்னொரு நூறு எண்ணினேன். அப்படியேதான் இருந்தது. ஓ.

"என்ன மூஞ்சி இப்படி மாறுது? எனக்கு ரத்தமே இல்லங்கிறாங்களா?"

"நீங்கதான் அக்கா. நீங்க வரணும்."

அவள் கூடையைக் கழற்றி அடுத்தவளிடம் கொடுத்தாள். மற்ற ஆறு பேரையும் மலை மலையாகத் தேடிப் பார்த்து முடிக்கப் பத்து மணியாயிற்று. மூன்று பேர் பி, இரண்டு பேர் ஏ. தம்பி கவ்வாத்துக்காரர் ஓ. அண்ணன் தம்பியிலேயே அண்ணன் பி. ஒவ்வொரு தகட்டையும் இரண்டு தடவை பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கும் தம்பிக்கும் மூன்று தடவை.

பஸ் போயிருந்தது. அடுத்த பஸ் பதுளை சேரும்போது மூன்று மணி தாண்டிவிடும். அப்புத்தளைக் கடைவீதிக்கு இறங்கி ஒரு வாடகைக் காரைப் பிடித்தோம். ஓட்டியவர் ஒரு முஸ்லிம் மனிதர், ஐம்பது வயதிருக்கும். இருபத்திரண்டு ரூபாய் கேட்டார். எங்களிடம் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று ரூபாய் இருந்தது. பத்து அந்தப் புருஷனுடையது, மூன்று என்னுடையது.

"நானா" என்று, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் கூப்பிட்டார் புருஷன். "மிச்சத்தச் சம்பளத்துக்குத் தந்துர்றேன். என் பொஞ்சாதி பதுளையில கெடக்கா."

"அத மொதல்ல சொல்றதில்லையா? ஏறுங்க, ஏறுங்க" என்றார் அவர்.

ரத்தம் கொடுக்க வந்த பெண்ணுக்கு வழி வளைவுகளில் தலை சுற்றியது. ரத்தம் கொடுக்க முந்தியே மயங்கிவிட்டால் அதையும் என் கணக்கில்தான் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். டாக்டர் மேல்மாடிப் படியில் நின்றார். "என்ன பிள்ளை, இவ்வளவு நேரம்? அவவுக்குப் பதினொரு மணிக்குத் திரும்ப ரத்தம் போகத் துவங்கியிட்டுது" என்றார். நடந்ததை நான் ஒரே மூச்சில் சொன்னேன். ஐஸ், பனி, ஏழு ஏபி, முந்தானை, எல்லாம். இருவரின் ரத்தத்தையும் எடுத்து, நோயாளியின் ரத்தத்தோடு வைத்துப் பெட்டிச் சூட்டில் டாக்டர் தானே பொருத்திப் பார்த்தார். இரண்டும் பொருந்தின.

"பிள்ளை" என்றார், கையைக் கழுவிக்கொண்டு. "குளிரில பிடிக்கிற சாமான் கொஞ்சம் எல்லா ரத்தத்திலயும் கிடக்கு. அது ஏயும் பார்க்காது, பியும் பார்க்காது. சூடு பட்டால் விட்டிரும். உண்மையான பிடி சூட்டிலயும் விடாது. இதை நான் உமக்குச் சொல்லித் தரேல்லை. அது என்ர பிழை."

"நான் கேட்டிருக்கணும் ஐயா."

"கேட்டிருக்க வேணும்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பல வருஷம் கழித்து, அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையை விரித்து வைத்துக்கொண்டு அவர் என்னைக் கூப்பிட்டார். நோயோடு சண்டை பிடிக்கிற வெள்ளை அணுக்களின் மேலும் இப்படிக் குறிகள் இருக்கின்றனவாம். பிடிக்கிற பொருளிலேயே ஒரு சாயத்தைக் கட்டி அனுப்புகிறார்களாம். அது குறியைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டதும், ஒரு விசேஷ விளக்கின் கீழே அந்த அணுவின் விளிம்பு மட்டும் பச்சையாக ஒளிருமாம்.

"நம்முடைய நீலம் மாதிரியா ஐயா?"

"இல்லை. எங்கட நீலம் தண்ணியில கரைச்ச சாயம், குப்பியை அடையாளம் காண மட்டும். அவங்கட சாயம் பிடிக்கிறதோட பிடிச்சுக்கொண்டே போகுது. திரியுதா எண்டு பார்க்கத் தேவையில்லை. ஒளிருதா எண்டு பார்த்தால் போதும்."

குளிரில் அதுவும் கண்டபடி ஒட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஒட்டத்தான் ஒட்டும். அதைக் கழுவி எடுக்க அவங்களும் பாடுபடுகினம்" என்றார்.

ஆட்களைக் கூட்டிவந்த அந்த நாள் ஒன்றரை மணிக்கு நோயாளிப் பெண்ணை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வராந்தாவில் இரண்டாவது போத்தலைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. ரத்தம் கொடுத்த பெண் பெஞ்சில் படுத்துக்கொண்டு, "அந்தப் போத்தல்ல இருக்கது என்னோடதா, அவனோடதா?" என்று கேட்டாள்.

"உங்களோடது அக்கா."

"அப்ப அது உள்ள எறங்கறப்ப அவளுக்கும் வாய் நீளும், பாத்துக்கங்க" என்றாள். புருஷன் அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

இரண்டு போத்தலும் ஏறின. பிள்ளை பெண். முதலில் அழவில்லை, பிறகு அழுதது. தாய் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ரயிலில் தோட்டத்துக்குப் போனாள். நானும் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். குழந்தையின் விரல் வெளியே தெரிந்ததும், அதைக் குத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

சம்பள நாளில் அந்தப் புருஷன் அப்புத்தளைக் கார் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். கார் ஓட்டிய அந்த மனிதர் காரை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்களாம். எந்த ஊரென்று யாருக்கும் தெரியவில்லை. புருஷன் அந்தக் காசை என்னிடம் கொண்டுவந்தார். வாங்க மறுத்துவிட்டேன். காலையில் நான் சரியாகப் பார்த்திருந்தால் எல்லாரும் பஸ்ஸிலேயே போயிருப்போம். ஆகவே அந்தக் கடன் அவருடையதல்ல, என்னுடையது. பதுளைக்கும் அப்புத்தளைக்கும் இடையில் ஓடுகிற கார்க்காரர்களிடம் பல வருஷம் விசாரித்தேன். ஆள் அகப்படவில்லை. ஒன்பது ரூபாய் இன்னும் கொடுபடவில்லை.